பிடிபடுவது ஒருவன், செய்தது வேறொருவன்

நீலத் திரை வந்துவிட்டது என்று யாராவது ஃபோன் செய்தால், அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் முதலில் கேட்பதில்லை. "சிஸ்டத்துல கடைசியா எதைப் புதுசா மாட்டுனீங்க?" என்றுதான் கேட்பேன். "ஒண்ணுமே மாட்டலண்ணே" என்று பதில் வரும். நேரில் போய்ப் பார்த்தால் பின்பக்கம் ஒரு புது பார்கோடு ஸ்கேனரோ, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வைஃபை டாங்கிளோ தொங்கிக்கொண்டிருக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. டாங்கிள் மாட்டியதை யாரும் ஒரு மாற்றமாக நினைப்பதில்லை, அவ்வளவுதான்.

சிவகாசியில் அச்சகங்களுக்கும் பில்லிங் கடைகளுக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பது என் தொழில். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியாகி, ஆர்டர் குவிகிற மாதங்களில் டிசைன் ரூம் சிஸ்டம் ஒன்று படுத்துவிட்டால் முதலாளிக்குச் சோறு இறங்காது. அப்படி ஒரு அச்சகத்துக்குத்தான் போயிருந்தேன். சிஸ்டம் சில நாள் ஒரே மணி நேரத்தில் இரண்டு தடவை விழும். பிறகு ஒரு வாரம் ஒன்றும் இருக்காது. எனக்கு முன்னால் வந்தவர்கள் யுபிஎஸ்ஸைக் குறை சொல்லி, பவர் சப்ளையை மாற்றி, கடைசியில் விண்டோஸையே புதிதாகப் போட்டிருந்தார்கள். "ஃபார்மட் போட்டா ரெண்டு நாள் நல்லா இருக்கு தம்பி. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிங்குது" என்றார் முதலாளி அண்ணாச்சி.

ஃபார்மட் ஏன் பலிக்கவில்லை என்பது மேசை டிராயரைத் திறந்ததுமே தெரிந்தது. உள்ளே ஒரு பென்டிரைவ். அதில் அந்த சிஸ்டத்துக்கான டிரைவர்கள் எல்லாம் ஒரு ஃபோல்டராக இருந்தன. ஒவ்வொரு ஃபார்மட்டுக்குப் பிறகும் அதே ஃபோல்டரிலிருந்து அதே டிரைவர்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். வீட்டைக் காலி செய்து வெள்ளையடித்துவிட்டு, திருடனையும் சாவி கொடுத்துக் கூட்டி வந்த கதை.

டிரைவர் என்பது ஒரு கருவியோடு விண்டோஸ் பேசுவதற்கான சின்ன மென்பொருள். பிரிண்டர், டிஸ்ப்ளே கார்டு, டச்பேட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று உண்டு. நாம் திறக்கிற கோரல் டிரா, வேர்டு, பிரவுசர் எல்லாம் தனித்தனி வேலிக்குள் ஓடுகின்றன. கோரல் தப்பு செய்தால் கோரல் மட்டும் மூடிக்கொள்ளும். டிரைவர்களில் பெரும்பாலானவை அப்படியல்ல. அவை விண்டோஸின் நடு அறையான கெர்னலில், விண்டோஸுக்கு உள்ள அதே அதிகாரத்தோடு ஓடுகின்றன. அங்கே ஒருவர் நினைவகத்துக்கும் இன்னொருவர் நினைவகத்துக்கும் நடுவில் வேலி கிடையாது. ஒரு டிரைவர் தனக்குக் கொடுத்த இடத்தைத் தாண்டி நாலு பைட் கூடுதலாக எழுதினால், அது பக்கத்து டிரைவரின் கணக்கில் போய் விழும். எங்கோ கணக்கு இடிக்கிறது என்று விண்டோஸுக்குத் தெரிந்த நொடியில், அது வேண்டுமென்றே எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. கெட்டுப்போன நினைவகத்தை வைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடினால் ஹார்டு டிஸ்கில் உள்ள கோப்புகளும் கெட்டுவிடும். நீலத் திரையைத் திட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அது நிறுத்தியதால்தான் அண்ணாச்சியின் காலண்டர் டிசைன்கள் பிழைத்தன.

விழும்போதெல்லாம் விண்டோஸ் ஒரு சின்னப் பதிவு எழுதி வைக்கிறது. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் அவை இருக்கும். நிர்சாஃப்ட்டின் ப்ளூஸ்கிரீன்வியூ இலவசமானது, அவற்றை வரிசையாகக் காட்டும். இன்னும் ஆழமாகப் பார்க்க மைக்ரோசாஃப்ட்டின் விண்டிபக் இருக்கிறது. அந்த சிஸ்டத்தின் பதிவுகளைத் திறந்தால் ஒரு தடவை விண்டோஸ் கெர்னலின் பெயர், ஒரு தடவை டிஸ்ப்ளே டிரைவர், இன்னொரு தடவை ஹார்டு டிஸ்கில் கோப்புகளை நிர்வகிக்கும் என்டிஎஃப்எஸ். நிறுத்தக் குறியீடும் தடவைக்கு ஒன்று.

பலர் தடுமாறுவது இங்கேதான். டிஸ்ப்ளே டிரைவர் என்று பார்த்ததும் புது கார்டு வாங்கச் சொல்லிவிடுவார்கள். பதிவில் வருவது யார் தடுக்கி விழுந்தார் என்பதுதான். வழியில் கல்லைப் போட்டது யார் என்பது அதில் பெரும்பாலும் இருக்காது. இப்படிப் பெயர் மாறி மாறி வந்தால் எனக்கு இரண்டே சந்தேகம். ஒன்று, ரேம் கெட்டிருக்க வேண்டும். அல்லது ஏதோ ஒரு டிரைவர் அடுத்தவர் இடத்தில் கிறுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

ரேமை முதலில் பார்த்துவிட வேண்டும், அது சுலபம். மெம்டெஸ்ட்86 போட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் ஒரு பிழையும் இல்லை.

பிறகு டிரைவர் வெரிஃபையர். இது விண்டோஸோடு கூடவே வருவது, தனியாக வாங்க வேண்டியதில்லை. ஆனாலும் சர்வீஸ் செய்கிறவர்களிலேயே பலர் இதைத் தொட்டதில்லை. மைக்ரோசாஃப்ட் எழுதாத டிரைவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால், அவை ஒவ்வொன்றையும் அது கண்காணிக்கும். அது செய்கிற தந்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சந்தேகப்பட்ட டிரைவர் நினைவகம் கேட்டால், யாரும் தொடக்கூடாத ஒரு பக்கத்தை ஒட்டி, அதன் விளிம்பிலேயே இடம் கொடுக்கும். எல்லை தாண்டி எழுதினால், அந்தத் தப்பு எங்கோ போய் ஒளிந்துகொள்ள வழியில்லை. அந்த வரியிலேயே சிஸ்டம் விழும், செய்தவன் பெயரோடு. சிஸ்டம் இதனால் மெதுவாகும், அடிக்கடி விழவும் செய்யும். விழவைப்பதுதான் நோக்கம்.

இதைத் தொடுவதற்கு முன் இரண்டு காரியம் செய்யாமல் நான் நகர மாட்டேன். ரீஸ்டோர் பாயின்ட் ஒன்று உருவாக்குவேன். பிட்லாக்கர் போட்டிருக்கிற சிஸ்டமாக இருந்தால் அதன் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்வேன். ஏனென்றால் தப்பு செய்கிற டிரைவர் தொடக்கத்திலேயே ஏறுவதாக இருந்தால் விண்டோஸ் முழுதாகத் திறக்கவே திறக்காது. சேஃப் மோடில் நுழைந்து, கமாண்ட் பிராம்ப்ட்டில் வெரிஃபையரை ரீசெட் செய்தால்தான் பழைய நிலைக்கு வரும். அந்த நேரத்தில் கீ கேட்டால் எங்கே போய்த் தேடுவது?

அச்சகத்து சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகி டெஸ்க்டாப் வருவதற்குள்ளேயே விழுந்தது. திரையில் வந்த பெயர் அதுவரை எந்தப் பதிவிலும் தலைகாட்டாத ஒன்று. வைஃபை டாங்கிளின் டிரைவர். "விண்டோஸே ஏத்துக்கிட்டுச்சே, கையெழுத்து போட்ட டிரைவர்தானே?" என்று அங்கிருந்த டிசைனர் தங்கச்சி சரியாகத்தான் கேட்டாள். விஸ்டா காலத்திலிருந்து 64 பிட் விண்டோஸ் கையெழுத்தில்லாத கெர்னல் டிரைவரை ஏற்றுவதில்லை. ஆனால் அந்தக் கையெழுத்து யார் கொடுத்தது, வழியில் யாராவது மாற்றினார்களா என்பதைத்தான் உறுதி செய்யும். உள்ளே எழுதியவன் எண்ணத் தவறினானா என்பதை அது சொல்லாது.

சேஃப் மோடில் வெரிஃபையரை ரீசெட் செய்துவிட்டு, டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியை நீக்கும்போது, டிரைவரையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்கிற கட்டத்தில் டிக் போட்டேன். பென்டிரைவில் இருந்த நகலையும் அழித்தேன். சுவரில் ஓட்டை போட்டு லேன் கேபிள் இழுத்தாயிற்று. டிசைன் ரூமுக்கு வைஃபை எதற்கு என்பது வேறு விஷயம்.

மலிவுச் சாமான் வாங்கினால் இப்படித்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். விஸ்டா வந்த 2007-ல் பதிவான செயலிழப்புகளில் 28.8 சதவீதத்துக்கு என்விடியாவின் டிரைவர்கள் காரணம் என்று, பின்னர் ஒரு வழக்கில் வெளியான மைக்ரோசாஃப்ட் ஆவணங்களே காட்டின.

எல்லாத் தப்பும் எல்லை தாண்டி எழுதுவதல்ல. 'டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்' என்று வருகிறதே, அது வேறு ரகம். ரேம் போதாதபோது விண்டோஸ் அதிகம் பயன்படாத பக்கங்களை டிஸ்குக்குத் தள்ளிவிடும். அவசர முன்னுரிமையில் ஓடிக்கொண்டிருக்கிற டிரைவர் அப்படித் தள்ளப்படக்கூடிய பக்கங்களைத் தொடக் கூடாது என்பது விதி, ஏனென்றால் அந்த நிலையில் டிஸ்கிலிருந்து எடுத்து வரக் காத்திருக்க முடியாது. விதியை மீறித் தொட்டாலும், பக்கம் அந்த நேரம் ரேமில் இருந்துவிட்டால் ஒன்றும் நடக்காது. இல்லாவிட்டால் சிஸ்டம் காலி. பெரிய ஃபைல்களைத் திறந்து ரேம் நிரம்பும் நாட்களில் மட்டும் விழுவதற்கு இது ஒரு காரணம். "கோரலைத் திறந்தாத்தான் வருது" என்பார்கள். கோரல் பாவம்.

டிஸ்ப்ளே கார்டு இரண்டு நொடிக்குள் பதில் சொல்லாமல், விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பிப் பார்த்தும் எழாவிட்டால் வருவது 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்'. தூங்கப் போகும்போதும் எழும்போதும் விழுந்தால் பெரும்பாலும் 'டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்'. அண்மையில் அப்டேட் ஆன டிரைவர் என்றால் டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் கொடுத்தாலே போதும். 'வியா' என்று தொடங்கும் குறியீடு வந்தால் டிரைவரை விட்டுவிட்டுச் சூடு, பிராசசர், பவர் பக்கம் பாருங்கள். எதை மாற்றினாலும் ரீஸ்டார்ட் கொடுங்கள், ஷட் டவுன் போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் சிஸ்டத்தில் ஷட் டவுன் செய்தால் கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலை டிஸ்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்ப ஏறும். டிரைவர்களைத் தானே புதுப்பித்துத் தருகிறேன் என்று விளம்பரம் செய்கிற மென்பொருட்களை நான் எந்த சிஸ்டத்திலும் விட்டு வைப்பதில்லை.

2024 ஜூலை 19 அன்று உலகமே நீலமானபோது என்னிடம் பலர் கேட்டார்கள், இதுவும் டிரைவர்தானா என்று. ஆமாம். க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் கெர்னல் டிரைவராக ஓடுகிறது. அதற்கு அனுப்பிய ஒரு கோப்பைப் படிக்கும்போது டிரைவர் எல்லைக்கு வெளியே எட்டிப் பார்த்தது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கருவிகள் விழுந்தன என்பது மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீடு. நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பல சிஸ்டங்களை ஒவ்வொன்றாக ஒருவர் நேரில் போய் சேஃப் மோடில் திறந்து அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. ஆனால் சர்வீஸ் ஆள் கண்ணில் அது நேர்மையான பழுது. ஏறும்போதெல்லாம் விழுந்தது, ஒரே இடத்தில் விழுந்தது. அதனால்தான் நிறுவனமே 78 நிமிடத்தில் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற முடிந்தது. வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் அடுத்தவன் பெயரில் விழுகிற டாங்கிள் டிரைவரை அப்படிப் பிடிக்க முடியாது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு 2025-ல் மைக்ரோசாஃப்ட் நீலத் திரையைக் கறுப்பாக்கிவிட்டது. குறியீடும் சந்தேகத்துக்குரிய டிரைவரின் பெயரும் அதில் தெளிவாக வருகின்றன. நல்லதுதான். ஆனால் பெரும்பாலான சிஸ்டங்களில் அந்தத் திரை இரண்டு நொடியில் மறைந்துவிடும் அளவுக்கு வேகப்படுத்தியிருக்கிறார்கள். செல்ஃபோனை எடுத்து கேமராவைத் திறப்பதற்குள் லோகோ வந்துவிடும். அதனால் எந்த சிஸ்டத்துக்குப் போனாலும் சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பக்கத்துக்குப் போய், ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரியில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிடுகிறேன். விழுந்தால் திரை அப்படியே நிற்கும். ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துக்கொள்ளலாம்.