20 வளைவு, 19 இன்ச்

“அண்ணா, இந்த வண்டிக்கு 19 இன்ச் உக்காருங்களா?”

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய கையோடு அலாய் வீல் கடைக்கு வரும் தம்பிகளின் முதல் கேள்வி இதுதான். உட்காரும். வண்டியை ஜாக்கில் ஏற்றி, போல்ட்டை முடுக்கிப் பார்த்தால் எதுவும் உட்காரத்தான் செய்யும். உட்கார்ந்தது சரியா என்று சொல்ல வேண்டியது கடைக்காரர் அல்ல. சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றனவே, அவை சொல்லும். ஏற்காட்டையும் தாண்டி மஞ்சக்குட்டைக் கிராமம் வரை போய்வந்தால் தீர்ப்பே கிடைத்துவிடும்.

சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500. முப்பது கிலோமீட்டருக்குள் இந்த உயரத்தை ஏறியாக வேண்டும். கொண்டை ஊசியில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கிறீர்கள். பாரம் முழுக்க வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் சாய்கிறது, ஸ்பிரிங் அமுங்குகிறது. சக்கரம் முழுதாகத் திரும்பியும் முழுதாக அமுங்கியும் இருக்கும் அந்த ஒரு கணத்தில்தான் டயரின் தோள் வீல் ஆர்ச்சுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனரைத் தொடும். ‘சர்ர்’ என்று ஒரு சத்தம். பாட்டுச் சத்தத்தில் அது காதில் விழாமலே போகலாம். ஊர் திரும்பியதும் டார்ச் அடித்துப் பாருங்கள்: லைனரில் பிறை வடிவத்தில் பளபளவென்று ஓர் இடம் தேய்ந்திருக்கும்; டயரின் ஓரத்தில் சுற்றிலும் ஒரே சீராக ஒரு கோடு ஓடியிருக்கும். கடையில் நின்ற வண்டியில் இது தெரியாது. சேலம் ஐந்து ரோட்டில் நேராக ஓட்டிக் காட்டினாலும் தெரியாது.

இந்த உரசலுக்கு எல்லோரும் விட்டத்தைத்தான் குறை சொல்கிறார்கள். பல நேரம் குற்றவாளி ரிம்மின் அகலமும் ஆஃப்செட்டும்தான். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். 45 இருக்க வேண்டிய இடத்தில் 35 போட்டால் சக்கரம் 10 மி.மீ. வெளியே வந்துவிடும். பார்க்க ஜம்மென்று இருக்கும். ஆனால் ஸ்டியரிங் கனம் மாறும், வீல் பேரிங் மேல் சுமை கூடும், ஃபெண்டர் விளிம்பு டயரைச் சீவும். எத்தனை இன்ச் என்று கேட்பவர்கள் எத்தனை ஆஃப்செட் என்று கேட்பதே இல்லை.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு: பெரிய ரிம் போட்டால் வண்டி உயரும், அடி தட்டாது என்று. போர்ஷே 718 கேமனை எடுத்துக்கொள்வோம். 18 இன்ச்சும் நிறுவனமே தந்ததுதான், 20 இன்ச்சும் நிறுவனமே தந்ததுதான். முன் சக்கரத்தில் 18க்கு 235/45 டயர், 20க்கு 235/35. கணக்குப் போட்டால் மொத்த விட்டம் முதலாவதற்கு 669 மி.மீ., அடுத்ததற்கு 673 மி.மீ. கிட்டத்தட்ட ஒன்றே. அப்படியானால் கூடுதல் இரண்டு இன்ச் எங்கிருந்து வந்தது? ரப்பரிலிருந்து. டயரின் பக்கச்சுவர் 106 மி.மீ.யிலிருந்து 82க்கு இறங்கிவிட்டது. வண்டி உயரவில்லை, மெத்தைதான் மெலிந்தது.

இந்தக் கணக்கைப் போடாமல் மாற்றினால் இன்னும் வம்பு. 205/55 ஆர்16 இருந்த வண்டியில் 225/45 ஆர்18 ஏற்றினால் விட்டம் 632 மி.மீ.யிலிருந்து 660க்குப் போகும். ஸ்பீடோமீட்டர் முன்பைவிட 4 சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டும். கியர் விகிதமும் அதே அளவுக்கு நீண்டுவிடுவதால், இரண்டாம் கியரில் ஏறிக்கொண்டிருந்த வளைவில் வண்டி முனகும். அதே 16க்குப் பதிலாக 225/40 ஆர்18 போட்டால் விட்டம் 637தான். வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை.

பெரிய சக்கரம் வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பக்கச்சுவர் குட்டையானால் டயர் நெளிவது குறையும். ஸ்டியரிங்கைத் திருப்பிய மறுகணமே முன்பக்கம் திரும்பும். வளைவுக்கு மேல் வளைவாக வரும் மலைச்சாலையில் அந்தச் சுகம் ஓட்டியவருக்குத்தான் தெரியும். பெரிய பிரேக் டிஸ்க்கும் காலிப்பரும் வைக்க ரிம்முக்குள் இடமும் கிடைக்கும். ஆனால் ரிம்மை மட்டும் மாற்றினால் டிஸ்க் வளர்ந்துவிடாது. பெரிய அலாய்க்குள் பழைய சின்ன டிஸ்க் அப்பன் சட்டையைப் போட்ட பிள்ளை மாதிரி நிற்கும், அவ்வளவுதான். போதாக்குறைக்குக் கனமான சக்கரத்தை நிறுத்த அந்தச் சின்ன டிஸ்க் கூடுதலாகச் சூடாகும். இறங்கும்போது கியரைக் குறைத்து இன்ஜினால் பிடிக்காதவருக்கு எந்த ரிம்மும் உதவாது.

கனம்தான் இங்கே முக்கியம். சக்கரத்தின் எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. சாலையின் ஒவ்வொரு குழியிலும் அதை டேம்பர்தான் அடக்க வேண்டும். சுழலும் எடை வேறு. விளிம்பில் கூடும் ஒரு கிலோ, வேகமெடுக்கும்போது வண்டிக்குள் வைத்த கிட்டத்தட்ட இரண்டு கிலோவுக்குச் சமமாக இழுக்கும். வார்ப்பில் செய்த மலிவான 19 இன்ச் ரிம், கம்பெனி கொடுத்த 17ஐ விடக் கனமாக இருப்பது சகஜம். வேகத்துக்காக வாங்கிய ரிம் வேகத்தையே தின்னும்.

பந்தயக்காரர்களுக்கு இது தெரியும். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி இறக்கிய போர்ஷே 911 ஜி.டி.3 கப் காரின் ரிம் 18 இன்ச். அதே தலைமுறை 911 ஜி.டி.3யைச் சாலைக்கென்று வாங்கினால் முன்னால் 20, பின்னால் 21! கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005ல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டியது 13 இன்ச் ரிம்மில். அந்தப் பந்தயமே 2021 வரை 13ஐ விடவில்லை. 18க்கு மாறியது 2022ல்தான். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளம்போல் வழவழப்பான தார் இருந்தாலாவது குட்டைப் பக்கச்சுவருக்கு நியாயம் இருக்கும்.

மஞ்சக்குட்டைப் பக்கம் அப்படியில்லை. காப்பித் தோட்டங்களுக்கும் சில்வர் ஓக் மரங்களுக்கும் நடுவே போகும் மலைச்சாலைகள் குறுகல். எதிரே பஸ் வந்தால் இடது சக்கரங்களைத் தாருக்குக் கீழே இறக்கித்தான் ஆக வேண்டும். மறுபடி ஏறும்போது, மழையில் அரித்த தார் விளிம்பு கத்திபோல் நிற்கும். 106 மி.மீ. பக்கச்சுவர் அந்த அடியை வாங்கிக்கொள்ளும். 82 மி.மீ. சுவர் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கும். உள்ளே இழை அறுந்தால் மறுநாள் டயரின் பக்கத்தில் முட்டை அளவுக்கு ஒரு புடைப்பு. அதற்கு ஒட்டு கிடையாது, டயரை மாற்றத்தான் வேண்டும். இரும்பு ரிம் நெளிந்தால் தட்டி எடுக்கலாம். வார்ப்பு அலாய் விரிசல் விடும். வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது. பஞ்சர் பசையும் பம்ப்பும்தான். பக்கச்சுவர் கிழிந்தால் பசை வேலைக்கு ஆகாது. வண்டியை லாரியில் ஏற்றித்தான் சேலத்துக்கு இறக்க வேண்டும்.

மழையில் அகல டயர் மிதக்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அது நாற்கரச் சாலை வேகத்தில். மலையில் பயப்பட வேண்டியது தேய்ந்த டயருக்கும் ஈர இலைக்கும்.

சட்டம் இதில் கறாராக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் கண்ணில் முதலில் படுவதும் ரிம்தான்.

ஆகவே, ஏற்காடு அடிக்கடி போகிறவர் என்றால் கம்பெனி அளவிலேயே இருங்கள். ஆசை அடங்கவில்லையா, உங்கள் மாடலின் உயர் ரகத்துக்கு நிறுவனமே கொடுக்கும் அளவு வரை போங்கள். அதற்கு மேல் வேண்டாம். மொத்த விட்டம், ஆஃப்செட், டயரின் சுமைக் குறியீடு மூன்றும் பொருந்துகின்றனவா என்று எழுதி வாங்குங்கள். ரிம்மில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுங்கள். தராசில் வைத்துப் பழைய ரிம்மோடு எடை பாருங்கள். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. மிச்சமாகும் பணத்துக்கு நல்ல டயராக நாலு வாங்கிப் போடுங்கள். மலையில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது அதுதான்.