வாடும் கொடிக்கு ஒரு கைத்தாங்கல்

கவரைப்பேட்டைக் கடைத்தெருவில் நீங்கள் வாங்கும் பன்னீர் திராட்சை இவ்வட்டாரத்தில் விளைந்ததன்று. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்குதான் அதன் தாயகம். 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. அங்கே முல்லைப் பெரியாற்று நீரும் கிணற்று நீரும் குறைந்துவிட்டால், பந்தலில் படர்ந்த கொடியின் பாடு என்னவாகும்?

திராட்சை வறட்சியை ஓரளவு தாங்கும். மண் காயத் தொடங்கியதும் அப்சிசிக் அமிலம் என்னும் பொருள் கொடியில் மிகுகிறது. உடனே இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. நீர் வெளியேறுவது குறைகிறது. ஆனால் கரியமில வாயு உள்ளே வருவதும் அதே வழியாகத்தானே? அதுவும் தடைப்படுகிறது. தாகத்திற்குக் கதவைச் சாத்திய கொடி பசியில் வாடுகிறது. உணவாக மாறாத வெயிலின் ஆற்றல், செல்களைச் சிதைக்கும் நச்சு ஆக்சிஜன் வகைகளை உண்டாக்குகிறது. வறட்சி முற்றினால் தண்டின் நீர்க்குழாய்களில் காற்றுக்குமிழ் புகுந்து நீரோட்டமே அறுந்துபோகும். திராட்சையின் குழாய்கள் அகலமானவை. இந்த ஆபத்து அதற்குச் சற்று அதிகம்.

இவ்விடத்தில்தான் உயிரூக்கிகள் பேசப்படுகின்றன. இவை உரமல்ல, பூச்சி மருந்துமல்ல. செடியின் உடலியக்கத்தைத் தூண்டிவிடும் பொருள்கள். கடற்பாசிச் சாறு அவற்றுள் பெயர் பெற்றது. அட்லாண்டிக் கரைப் பாறைகளில் அஸ்கோஃபில்லம் என்றொரு பாசி உண்டு. கடல் வற்றும்போதெல்லாம் வெயிலில் காய்ந்து கிடக்கும். அலை திரும்பினால் பிழைத்தெழும். உலகச் சந்தையில் விற்கும் சாறுகள் பல இதிலிருந்தே எடுக்கப்படுகின்றன. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் கடலோரத்தில் கப்பாபைகஸ் என்னும் பாசியை மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கிறார்கள். சுமார் 45 நாளில் அறுவடை. பசும்பாசியைப் பிழிந்து சாற்றைத் தனியே எடுக்கும் முறையை வகுத்தது பவநகரிலுள்ள மத்திய உப்பு, கடல்வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம். சாற்றிலுள்ள கிளைசின் பீட்டைன் போன்ற பொருள்கள் செல்லுக்குள் நீரைப் பிடித்துவைக்க உதவுகின்றன.

இன்னொன்று, கோவை வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் இளஞ்சிவப்பு மெத்திலோ பாக்டீரியா. இலை வளரும்போது கசியும் மெத்தனாலை உண்டு இலைமேலேயே வாழும் இந்த நுண்ணுயிர், கைம்மாறாக சைட்டோகைனின் முதலிய வளர்ச்சிப் பொருள்களைத் தருகிறது. 100 பங்கு நீருக்கு ஒரு பங்கு கலந்து காலையிலோ மாலையிலோ தெளிக்க வேண்டும். பூச்சி மருந்தோடு கலந்தால் பாக்டீரியா செத்துவிடும், தெளித்தும் பயனில்லை.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: இவற்றில் எதுவும் தண்ணீருக்கு ஈடாகாது. இலை சுருண்டு கருகிய பிறகு தெளிப்பது பணத்தை வெயிலில் கொட்டுவதுதான். வறட்சி வருமுன், கொடி நலமாக இருக்கையில் தெளித்தால்தான் அது தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளும். அப்போதும் எல்லா ஆய்வுகளும் ஒரே பலனைக் காட்டவில்லை. மண்ணும் இரகமும் மாறினால் பலனும் மாறுகிறது. மூடாக்கும் சொட்டுநீரும் இல்லாத தோட்டத்தில் புட்டிச் சாற்றை மட்டும் நம்புவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

கடைகளில் எத்தனையோ புட்டிகள். இவற்றை ஒழுங்குபடுத்த மத்திய அரசு 2021ஆம் ஆண்டில் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் உயிரூக்கிகளையும் சேர்த்தது. ஆகவே வாங்குமுன் சீட்டில் அதில் என்ன அடங்கியிருக்கிறது என்று படியுங்கள், பில்லும் கேளுங்கள்.

கவரைப்பேட்டைப் பக்கம் திராட்சைப் பந்தல் இல்லாவிட்டால் என்ன? நவரை நெல்லும் வேர்க்கடலையும் கடைசித் தண்ணீருக்குத் தவிக்கும் நாள்கள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. அங்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே வயலில் நான்கு பாத்திகளுக்குச் சாறு தெளியுங்கள். பக்கத்து நான்கிற்கு வெறும் தண்ணீரை அதே அளவில் தெளியுங்கள். பாய்ச்சலும் உரமும் இரண்டிற்கும் ஒன்றாகவே இருக்கட்டும். அறுவடையைத் தனித்தனியே நிறுத்து, கூடுதலாகக் கிடைத்ததன் விலையையும் புட்டியின் விலையையும் பக்கத்தில் பக்கமாக எழுதிப் பாருங்கள்.