கருவுற்றோர் சிறுநீரில் புரதம்

இந்தியாவில் 2001-03ஆம் ஆண்டுகளில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 301 தாய்மார்கள் இறந்து வந்தனர். மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி, 2018-20ஆம் ஆண்டுகளில் இத்தொகை 97 ஆகக் குறைந்தது. மருத்துவ நிலையங்களில் நிகழும் பேறுகள் பெருகியது இக்குறைவுக்கு ஒரு முக்கிய காரணமாகும். எனினும் பேற்றின்போது கிட்டும் உதவி மட்டும் எல்லா இறப்புகளையும் தடுத்துவிடாது. சில ஆபத்துகள் பேற்றுக்குப் பல வாரங்கள் முன்னதாகவே தொடங்கிவிடுகின்றன. கருவுற்ற காலத்தில் தோன்றும் இரத்த அழுத்தக் கோளாறுகள் அவற்றுள் முதன்மையானவை. உலகெங்கும் நேரும் தாய்மார் இறப்புகளில் ஏறத்தாழ 14 சதவீதம் இவற்றால் நேர்வதாக உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டில் மதிப்பிட்டனர். இக்கோளாறின் அடையாளங்களுள் ஒன்றைக் கண்டறியப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை; ஒரு சோதனைக் குழாயும் ஒரு சாராய விளக்கும் போதும்.

உடல்நலமுள்ள ஒருவரின் சிறுநீரகங்கள் நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி மீண்டும் இரத்தத்திலேயே சேர்ந்துவிடுகிறது. இரத்தத்திலுள்ள ஆல்புமின் முதலிய புரதங்கள் வடிகட்டியின் நுண்துளைகளைக் கடப்பது அரிது. ஒரு நாளில் சிறுநீருடன் வெளியேறும் புரதம் 150 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. கருவுற்ற பெண்ணின் சிறுநீரகங்களோ ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேலை செய்கின்றன. ஆகவே புரதமும் சற்று மிகுதியாக வெளியேறும். நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்ற அளவை மருத்துவ நூல்கள் எல்லையாகக் கொள்கின்றன. கருவுற்ற 20 வாரங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் உயர்ந்து, புரதமும் இவ்வெல்லையை எட்டுமானால் அந்நிலை முன்சூல்வலிப்பு எனப்படும். அது முற்றி வலிப்புக் கண்டால் சூல்வலிப்பு. சூல்வலிப்பு தாய், சேய் இருவரின் உயிருக்கும் உலை வைக்கும்.

வலிப்புக்கும் சிறுநீருக்கும் உள்ள இத்தொடர்பு நெடுங்காலத்துக்கு முன்பே தெரிய வந்தது. 1843ஆம் ஆண்டில் லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் லீவர், பேறுகால வலிப்புக் கண்ட பெண்களுள் பெரும்பாலோரின் சிறுநீரில் ஆல்புமின் இருந்ததை எழுதி வைத்தார். கையில் கட்டி இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியை இத்தாலியரான ரிவா-ரோச்சி 1896ஆம் ஆண்டில்தான் அமைத்தார். ஆக, இந்நோயைக் காட்டிக் கொடுத்த முதல் சான்று புரதமே.

நஞ்சுக்கொடி தரும் நஞ்சு

இரத்தத்தில் ஏதோ நச்சுப்பொருள் கலப்பதால் இந்நோய் உண்டாகிறது என்று முன்னாளில் கருதினர். அதனால் ‘டாக்ஸீமியா’ என்ற பெயரும் வழங்கிற்று. நச்சுப்பொருள் எதுவும் பிடிபடாமையால் அப்பெயர் பின்னர் கைவிடப்பட்டது. பெயர் போன பிறகு பொருள் கிடைத்தது என்பது விந்தையே. கரு வளரும்போது கருப்பைச் சுவரின் சுருள் தமனிகள் அகன்று, நஞ்சுக்கொடிக்கு வேண்டிய இரத்தத்தைத் தாராளமாகக் கொண்டுவர வேண்டும். முன்சூல்வலிப்பில் இம்மாற்றம் அரைகுறையாக நின்றுவிடுகிறது. இரத்தம் போதாத நஞ்சுக்கொடி சில புரதங்களை மிகுதியாகத் தாயின் இரத்தத்தில் விடுகிறது. இரத்த நாளங்களின் உட்சுவரைப் பேணும் வளர்ச்சிக் காரணியை இவற்றுள் ஒன்று கவ்விப் பிடித்துச் செயலற்றதாக்கிவிடுகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவில் பணியாற்றிய அனந்த் கருமாஞ்சியும் அவருடைய குழுவினரும் 2003ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். உட்சுவர் நலிவதால் நாளங்கள் சுருங்கி அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரக வடிகட்டி பழுதுற்றுப் புரதம் கசிகிறது. கல்லீரல், மூளை, இரத்தத் தட்டணுக்கள் ஆகியவையும் இதே காரணத்தால் தாக்குறுகின்றன. சிறுநீரில் காண்பது, உடலெங்கும் நிகழும் சேதத்தின் ஒரு சிறு பகுதியே.

இதிலிருந்து நடைமுறைக்கு வேண்டிய உண்மை ஒன்று பெறப்படுகிறது. சிலருக்குச் சிறுநீரகம் தாக்குறுவதற்கு முன்பே கல்லீரலோ மூளையோ தாக்குறலாம். ஆகவே, இரத்த அழுத்தம் உயர்ந்து, தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி போன்ற குறிகளோ, தட்டணுக் குறைவோ இருக்குமானால், புரதம் இல்லாவிடினும் நோயை உறுதி செய்யலாம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2013ஆம் ஆண்டில் வரையறையைத் திருத்தியது. ‘புரதம் இல்லை’ என்ற முடிவு கவலையின்றி வீடு திரும்ப வழங்கும் சீட்டு ஆகாது. கால் வீக்கத்தை மட்டும் கண்டு அஞ்சுவதும் தேவையற்றது. நோயற்ற கர்ப்பிணிகள் பலருக்கும் அது உண்டு. முகமும் கைகளும் திடீரென வீங்கினால் மட்டும் உடனே அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும்.

மறுபுறம், புரதம் தென்பட்டால் அது முன்சூல்வலிப்பாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சிறுநீர்ப் பாதைத் தொற்று, பழைய சிறுநீரக நோய் ஆகியவற்றாலும் அது தோன்றும். வெள்ளைப்படுதலோ இரத்தமோ கலந்தாலும் சோதனை பொய்க்கும். ஆகையால் உறுப்பைக் கழுவியபின், முதலில் வருவதை விடுத்து இடையில் வரும் சிறுநீரைத் தூய கலத்தில் பிடிக்குமாறு பெண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

துணை நிலையத்தில் சோதனை

சமவெளியில் 5,000 பேருக்கும் மலை, பழங்குடிப் பகுதிகளில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் அளவுகோல். அங்குள்ள துணைச் செவிலியர் நெடுங்காலமாகச் செய்து வந்தது கொதிநிலைச் சோதனை. சோதனைக் குழாயில் முக்கால் பங்கு சிறுநீர் எடுத்து, மேற்பகுதியை மட்டும் சுடரில் காட்டிக் கொதிக்க வைப்பர். கலங்கல் தோன்றினால் நீர்த்த அசெட்டிக் அமிலம் இரண்டு, மூன்று துளிகள் விடுவர். கலங்கல் மறைந்தால் அது பாஸ்பேட் உப்பு. நிலைத்து நின்றால் புரதம். கலங்கிய மேற்பகுதியைத் தெளிந்த கீழ்ப்பகுதியோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிவது இம்முறையின் சிறப்பு. இன்று சோதனைப் பட்டைகள் பரவலாக வந்துவிட்டன. மஞ்சள் நிறப் பட்டை புரதத்தால் பச்சையாக மாறும். ஒரு கூட்டல் குறி, 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம், இரண்டு, 100, மூன்று, 300. புட்டியைத் திறந்து வைத்தால் ஈரம் பட்டுப் பட்டைகள் கெடும். காலாவதியான பட்டை பயன்படாது. இவ்விரண்டையும் மேற்பார்வையாளர்கள் நேரில் பார்ப்பது நலம்.

சோதனை எளிது, அதைச் செய்விக்கும் சூழ்நிலைதான் கடினம். கிராம சுகாதார நாளன்று அங்கன்வாடியில் கூடும் பெண்ணிடம் சிறுநீர் கேட்டால், அவள் ஒதுங்குவதற்குக் கதவுள்ள இடம் அங்கு இருத்தல் வேண்டும். அது இல்லாத இடத்தில் எடையும் அழுத்தமும் பார்க்கப்படும். சிறுநீர் விடுபட்டுப் போகும். அட்டையில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் அடுத்துப் பார்ப்பவர் சோதனை நடக்கவில்லை என்று உணர்ந்து உடனே செய்வார். சோதிக்காமலே ‘இல்லை’ என்று எழுதப்படுமானால், எட்டாம் மாதத்தில் வரும் மருத்துவரையும் அது ஏமாற்றும். எண்ணிக்கைக்காக நிரப்பப்பட்ட கட்டத்தைவிட வெற்றுக் கட்டம் எவ்வளவோ மேலானது. மாவட்ட அதிகாரிகள் தம் ஆய்வில் கட்டங்களைப் பார்ப்பதோடு நில்லாமல், அம்மாதம் செலவான பட்டைகளையும் எண்ணிப் பார்ப்பது பொருந்தும்.

முதற் பன்னிரண்டு வாரங்களுக்குள் ஒன்று, பிறகு மூன்று எனக் குறைந்தது நான்கு பரிசோதனைகள் வேண்டும் என்பது நாட்டின் நெறிமுறை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசிய குடும்பநல ஆய்வின்படி, நான்கு முறை வந்தோர் 58 சதவீதம். எஞ்சியோர் கடைசி வருகைகளைத் தவறவிட்டால் இழப்பு பெரிது. ஏனெனில் இந்நோய் மிகுதியாகத் தலைகாட்டுவது இறுதி வாரங்களிலேயே. பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டம், 2016ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாளில் மருத்துவர் பரிசோதனைக்கு வழி செய்தது. ஆயினும் இரு வருகைகளுக்கு இடைப்பட்ட சில நாட்களிலேயே நோய் முற்றக்கூடும். எனவே அபாயக் குறிகளைக் கர்ப்பிணிக்கு மட்டுமல்லாமல் மாமியார்க்கும் கணவர்க்கும் சொல்லி வைக்க வேண்டும். வண்டி பிடிக்கும் முடிவு பெரும்பாலும் அவர்கள் கையில் இருக்கிறது.

முதற் கருவுற்றோர், இரட்டைக் கரு உடையோர், நீரிழிவோ பழைய இரத்தக் கொதிப்போ உள்ளோர், முன்பு இந்நோய் கண்டோர் ஆகியோருக்கு ஆபத்து மிகுதி. இவர்களுள் தக்கவர்களுக்கு மருத்துவர் ஆலோசனைப்படி குறைந்த அளவு ஆஸ்பிரின் 16 வாரங்களுக்குள் தொடங்கப்படுகிறது. 2014ஆம் ஆண்டு தேசிய நெறிமுறை, கருவுற்றோர் அனைவருக்கும் 14ஆம் வாரம் முதல் சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை வகுத்தது. உப்பை ஒதுக்குவதாலோ, வெறும் ஓய்வாலோ நோய் தீர்வதில்லை. நஞ்சுக்கொடி வெளிவருவதே தீர்வு. கடுமை இல்லாவிடில் 37 வாரம் வரை கண்காணித்துப் பேற்றை நிகழ்விப்பர். 34 வாரம் கடந்து நோய் கடுமையானால் காத்திருப்பதில்லை.

வலிப்பைத் தடுக்கும் மருந்தும் மலிவானதே. 1960ஆம் ஆண்டுகளில் சென்னையின் டாக்டர் கிருஷ்ண மேனன் வகுத்த மயக்க மருந்துக் கலவை இந்திய மருத்துவமனைகளில் பல உயிர்களைக் காத்தது. பின்னர் இந்தியாவும் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வொன்று, சூல்வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட்டே மேலானது என்று 1995ஆம் ஆண்டில் நிறுவியது. 2002ஆம் ஆண்டில் 33 நாடுகளின் 10,000 பெண்களிடம் நடந்த ஆய்வில், இம்மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் கீழாகக் குறைத்தது தெரிந்தது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன் முதல் ஊசியைப் பயிற்சி பெற்ற துணைச் செவிலியரே போடலாம் என்று 2010ஆம் ஆண்டு நெறிமுறைகள் அனுமதி அளித்தன. ஊசி போட்டதை அனுப்புச் சீட்டில் நேரத்துடன் எழுதாவிடில், சேருமிடத்தில் மீண்டும் முழு அளவு செலுத்தப்பட்டு மூச்சு தடைபட நேரலாம்.

பேறு முடிந்த பின்னரும், குறிப்பாக முதல் இரண்டு நாட்களில், வலிப்பு வரக்கூடும். எனவே அழுத்தம் தணியும் முன் தாயை வீட்டுக்கு அனுப்பலாகாது. 12 வாரங்கள் கழித்தும் சிறுநீரில் புரதம் நீடிக்குமானால் சிறுநீரக நோய் உண்டா என ஆராய வேண்டும்.