கண்ணளவு எடுபடாத சமையலறை

வெளிநாட்டுக்குக் குடும்பத்தோடு சுற்றுலா போகிறவர்களில் பலர் இப்போது ஹோட்டலைத் தவிர்த்து, சமையலறையுள்ள வீடு ஒன்றை வாரக் கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள். குழந்தைக்குக் குழைவாகப் பருப்புச் சோறு, தாத்தாவுக்கு உப்புக் குறைத்த குழம்பு என்று அவரவர் உடம்புக்கு ஏற்றபடி சமைத்துக்கொள்ளலாம்; செலவும் கட்டுப்படும். நல்ல பழக்கம்தான். ஆனால் பெட்டி கட்டும் வரிசையில் ஒரு கோளாறு இருக்கிறது. இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், அப்பளம் என்று எடைத் தராசு அனுமதிக்கிற மட்டும் அடுக்கிவிட்டு, மிச்சமிருக்கும் மூலையில் ஒரு காய்ச்சல் மாத்திரை அட்டையைச் செருகுகிறோம். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். சொந்த வீட்டில் நம்மை நோயிலிருந்து காப்பது பெரும்பாலும் கைப்பழக்கம். எந்த அடுப்பு எவ்வளவு எரியும், எந்த ஸ்பூன் எவ்வளவு பிடிக்கும், ஃபிரிட்ஜில் பால் எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் கண்ணளவிலேயே தெரியும். அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் அந்தக் கண்ணளவு எடுபடாது. அதனால் பெட்டிக்குள் முதலில் போக வேண்டியவை, அளந்து சொல்லும் சில சின்னப் பொருட்கள்.

சோறும் ஃபிரிட்ஜும்

காலையில் ஒரு குக்கர் சோறு வைத்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்பி, இரவு திரும்பி வந்து அதையே சூடாக்கிச் சாப்பிடுவது பயணத்தில் இயல்பாக நடக்கிறது. பயணச் சமையலில் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அரிசியில் 'பேசில்லஸ் செரியஸ்' என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருப்பது சாதாரணம். கொதிநீரிலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நீண்ட நேரம் கிடந்தால், வித்துகள் முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்கும். 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில், சீன உணவகங்களின் வறுத்த சோற்றைச் சாப்பிட்டவர்களுக்கு அடுத்தடுத்து வாந்தி வந்தபோதுதான் இது கவனத்துக்கு வந்தது. சாப்பிட்ட ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கிவிடும். அந்த நச்சு சூட்டுக்கு அசைவதில்லை. மறுபடி ஆவி பறக்கச் சூடாக்கினால் பாக்டீரியா சாகும், நச்சு அப்படியே இருக்கும். 'சுட வைத்துவிட்டால் போதும்' என்ற நம் நம்பிக்கை இங்கே உதவாது.

தலைமுறை தலைமுறையாகப் பழைய சோறு சாப்பிட்டவர்கள்தானே நாம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பழைய சோறு நீரில் ஊறிப் புளிப்பது. அந்தப் புளிப்பு பல கிருமிகளை வளரவிடாமல் அடக்கும். மூடிய குக்கருக்குள் தண்ணீரில்லாமல், புளிப்பேறாமல், வெதுவெதுப்பாகப் பகலெல்லாம் கிடக்கும் சோறு வேறு சங்கதி.

சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வையுங்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வாடகை வீட்டு ஃபிரிட்ஜ் 5 டிகிரியில் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஆளில்லாத நாட்களில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அதைக் குறைத்தோ நிறுத்தியோ வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் குமிழில் 1 முதல் 5 வரை எண்கள்தான் இருக்கும். 5 என்றால் 5 டிகிரி என்று பொருளில்லை, பெரும்பாலான ஃபிரிட்ஜ்களில் அது அதிகக் குளிர். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டரை ஒரு டம்ளர் தண்ணீருக்குள் இறக்கி, நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்தால் காலையில் விடை கிடைத்துவிடும். கூடவே, சோற்றைப் பரப்பி ஆறவைத்துச் சீக்கிரம் உள்ளே தள்ள, மூடியுள்ள தட்டையான டப்பாக்கள் இரண்டு போதும்.

அசைவம் சமைப்பவர்கள் வளையக்கூடிய பிளாஸ்டிக் வெட்டுப் பலகை இரண்டு எடுத்துக்கொள்ளலாம், பச்சைக் கறிக்கு ஒன்று, காய்கறிக்கு ஒன்று. பல வீடுகளில் ஒரே மரப்பலகைதான் இருக்கும், அதன் கீறல்களில் யார் எதை நறுக்கினார்கள் என்று தெரியாது. கோழிக்கறியைக் குழாயடியில் அலசும் நம் பழக்கத்தையும் அங்கே விட்டுவிடுவது நல்லது. தெறிக்கும் நீரோடு கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் சிங்க்கைச் சுற்றிப் பரவும். கறிக்குள் 70 டிகிரி சூடு ஏறும்வரை வேகவைத்தால் கிருமி சாகும்.

ஐந்து மில்லி என்பது எவ்வளவு?

மருந்து எங்கும் கிடைக்குமே, ஏன் சுமக்க வேண்டும் என்பது பலரும் சொல்லும் மறுப்பு. சிங்கப்பூரிலோ லண்டனிலோ மருந்துக்கடைக்குப் பஞ்சமில்லை என்பது உண்மை. ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் கடை திறக்கும் நேரம் பார்த்து வருவதில்லை. அதைவிட முக்கியமானது பெயரும் அளவும். நாம் பாராசிட்டமால் என்பதை அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்பார்கள். ஊரிலிருந்து கொண்டுபோன மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அங்கே வாங்கிய சளி மருந்தையும் கொடுத்தால், இரண்டிலும் இருப்பது ஒரே மருந்தாக இருக்கலாம். அளவு கூடினால் கல்லீரல் கெடும். சிரப்பின் வீரியமும் ஒன்றல்ல. நம் கடைகளிலேயே 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு; அமெரிக்காவில் 160. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில், ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம். 120 பாட்டிலில் அது ஏழரை மில்லி. அதே ஏழரை மில்லியை 250 பாட்டிலிலிருந்து ஊற்றினால் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். இதில் சமையலறை ஸ்பூனும் சேர்ந்தால் கணக்கு இன்னும் குழம்பும். ஒரு டீஸ்பூன் 3 மில்லியும் பிடிக்கும், 7 மில்லியும் பிடிக்கும். வழக்கமாகக் கொடுக்கும் சிரப், கோடு போட்ட சிரிஞ்ச், ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் மூன்றையும் கைப்பையில் வைத்து, இன்றைய எடைக்கு எத்தனை மில்லி என்று குழந்தை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைப் பாக்கெட்டும் அப்படியே. பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் நீருக்கு, சிறியது 200 மில்லிக்கு. பெரியதை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு ஏறிக் குழந்தைக்கு ஆபத்தாகும். நீர் கூடினால் பலனில்லை. அங்கே லிட்டர் அளவை தேடிக் கிடைக்காவிட்டால், லேபிளில் ஒரு லிட்டர் என்று அச்சிட்ட காலித் தண்ணீர் பாட்டிலே சரியான அளவை. 24 மணி நேரத்துக்குமேல் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு முறை வயிற்றோட்டம் ஆன பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி. மலத்தில் ரத்தம், குழி விழுந்த கண், மணிக்கணக்காகச் சிறுநீர் இல்லாமை, துவண்ட உடம்பு தென்பட்டால் பாக்கெட்டை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வாங்கும்போது உறையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவை என்று இருக்கிறதா பாருங்கள். அந்தக் கலவை இல்லாத இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்வதை 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுக்க வேண்டியிருந்தது.

வாசனை காட்டாத வாயு

2006இல் கிரேக்கத்தின் கோர்ஃபு தீவுக்கு விடுமுறைக்குப் போன பிரிட்டிஷ் குடும்பம் ஒன்றில் ஏழு வயதும் ஆறு வயதுமான இரண்டு குழந்தைகள் தங்கியிருந்த அறையிலேயே இறந்துபோனார்கள். வெந்நீர் பாய்லரின் பழுதால் கசிந்த கார்பன் மோனாக்சைடு அவர்களைக் கொன்றது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று வரும்போது நேற்றுச் சாப்பிட்ட மீன் சேரவில்லை என்றுதான் தோன்றும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் வருவதும், வெளிக்காற்றில் நின்றால் குறைவதும் இதன் அடையாளம். உடனே எல்லாரும் வெளியேறி உதவிக்கு அழைக்க வேண்டும்.

எத்தனையோ லட்சம் பேர் போய்வருகிறார்கள், எங்கோ நடந்ததற்காகப் பயப்படுவதா என்று தோன்றலாம். அபூர்வம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கெட்டுப்போன உணவைச் சில சமயமாவது மூக்கோ நாக்கோ காட்டிக்கொடுக்கும். இதற்கு நம் உடம்பில் எச்சரிக்கை மணியே கிடையாது, அதுவும் தூங்கும்போது வருவது. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஊறுகாய் பாட்டிலைவிட எடை குறைவு. கேஸ் அடுப்போ கேஸ் கீசரோ உள்ள வீடு என்றால் படுக்கையறையில் தலைமாட்டு உயரத்தில் அதை வைத்துவிட்டுத் தூங்கலாம்.

விமான நிலையத்தில் தடுக்கும் பொருட்கள்

குருமாவுக்காகப் பொட்டலம் கட்டும் கசகசா ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் தடைப்பொருள். கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் டிரமடால் வலி மாத்திரைக்கும் அமீரகத்தில் முன் அனுமதி கேட்பார்கள். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேலுள்ள சளி மாத்திரையை ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் நம் ஊர் இறைச்சியையும் பால் பொருட்களையும் அனுமதிப்பதில்லை. குழந்தைக்கான பால் பவுடருக்கு மட்டும் ஓர் எல்லைக்குள் விலக்கு. ஆகவே மருத்துவர் சீட்டில் பிராண்ட் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் ஆங்கிலத்தில் இருக்கட்டும், மாத்திரைகள் அட்டையிலேயே இருக்கட்டும். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது. விமானத்தின் சரக்கறைக் குளிரில் உறைந்தால் கெட்டுவிடும். நெபுலைசர் கொண்டுபோகிறவர்கள் மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும். நம் 230 வோல்ட் கருவி ஜப்பானின் 100 வோல்ட்டில் சரியாக இயங்காது. பிளக் மாற்றி இருந்தாலும் பயனில்லை.

வீட்டுச் சுவை இல்லாமல் பிள்ளைகளும் பெரியவர்களும் வாடிவிடுவார்கள் என்ற கவலையை நான் தள்ளிவிடவில்லை. வயிறு நிறையாத குழந்தைக்கும் நோய் வரும். இரண்டு பொடி டப்பாக்களும் கொஞ்சம் ரசப்பொடியும் தாராளமாகப் போகட்டும். அரிசியும் பருப்பும் துபாயிலும் லண்டனிலும் கடை கடையாகக் கிடைக்கின்றன. இங்கே சொன்ன கருவிகளும் மருந்துகளும் எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோவைத் தாண்டாது.

கடைசியாக ஒரு தாள். ஹோட்டலில் இரவு யாருக்காவது முடியாமல் போனால் வரவேற்பறையை அழைக்கலாம். வாடகை வீட்டில் அதற்கு ஆளில்லை. ஆம்புலன்ஸ் எண் ஐரோப்பிய ஒன்றியத்தில் 112, பிரிட்டனில் 999, சிங்கப்பூரில் 995, அமீரகத்தில் 998, ஜப்பானில் 119. போகும் நாட்டின் எண், தங்கும் வீட்டின் முழு முகவரி, மாடி எண், குழந்தையின் எடை, மருந்தின் மில்லி, யாருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்பதையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதி, போய்ச் சேர்ந்த இரவே பெட்டியைத் திறக்கும் முன் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.