மருந்துக்கடையைத் தீர்மானிப்பது யார்?

கியூபெக்கின் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வாழும் நம்மவர்களில் பலருக்கு மருந்துக் காப்புறுதி வேலையிடத்தின் வழியாகவே வருகிறது. 1997 முதல் கியூபெக்கில் மருந்துக் காப்புறுதி எல்லோருக்கும் கட்டாயம். வேலையிடத்தில் குழுக் காப்புறுதி இருந்தால் பொதுவாக அதில்தான் சேரவேண்டும்; அரசின் றாம்க் திட்டத்துக்குப் போக முடியாது. அந்தக் காப்புறுதி நிறுவனம் இன்ன கடையில்தான் மருந்து வாங்கவேண்டும் என்று சொன்னால் என்ன செய்வது?

மற்ற மாகாணங்களில் சொல்லியே விட்டார்கள். 2024 ஜனவரியில் மனுலைஃப் நிறுவனம், சுமார் 260 சிறப்பு மருந்துகளை லோப்லோ குழுமத்தின் பார்மசிகளில், முக்கியமாக ஷொப்பர்ஸ் டிரக் மார்ட்டில், வாங்கினால்தான் பணம் தருவோம் என்றது. முடக்குவாதம், குரோன் நோய், புற்றுநோய் என்று நீண்டகாலம் போராடுகிறவர்களின் மருந்துகள் இவை. அவர்களின் உடம்பை வருடக்கணக்காக அறிந்த மருந்தாளரை, அவர்களைக் கேளாமலே இரு நிறுவனங்கள் ஓர் ஒப்பந்தத்தால் விலக்கப் பார்த்தன. மக்கள் கொதித்தெழ, சில வாரங்களில் மனுலைஃப் பின்வாங்கியது. கோபத்துக்குப் பயந்து கைவிட்டதைக் கோபம் ஆறியதும் திரும்ப எடுக்கலாம். ஒன்ராறியோ போன்ற அந்த மாகாணங்களுக்குத் தேவை சட்டம்.

கியூபெக்கில் அது இருக்கிறது. அப்போதைய சுகாதார அமைச்சர் கேத்தான் பரெத் கொண்டுவந்து 2016 டிசம்பரில் நிறைவேறிய 92ஆம் இலக்கச் சட்டமூலம், மருந்தாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் குழுக் காப்புறுதி ஒப்பந்தங்கள் பறிக்காதபடி காத்தது.

அமெரிக்காவில் இந்தத் தகராறு ஆஸ்பத்திரி மட்டத்தில் தலைகீழாக நடந்தது; அங்கே நெருக்கியது ஆஸ்பத்திரி. எல்லா ஆஸ்பத்திரிகளையும் சேர்த்துக்கொள், இல்லையேல் ஒன்றும் இல்லை என்று காப்புறுதி நிறுவனங்களை நெருக்கியதாகக் கலிபோர்னியாவின் சட்டர் ஹெல்த் ஆஸ்பத்திரிக் குழுமத்தின் மீது வழக்கு. 2019இல் 57.5 கோடி டொலருக்கு இணக்கம் கண்டார்கள். 2023இல் டெக்சஸ், நோயாளர்களை வேறு ஆஸ்பத்திரிக்குத் திருப்பக்கூடாது என்று காப்புறுதி நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் நிபந்தனைகளைச் சட்டத்தால் தடுத்தது.

கியூபெக்கின் அந்த 92ஆம் இலக்கச் சட்டத்தில் நாம் கவனியாத பகுதி ஒன்று உண்டு. 2017 செப்டெம்பர் 15 முதல் பார்மசி ரசீதில் மருந்தின் விலை, மொத்த வியாபாரியின் பங்கு, மருந்தாளரின் கட்டணம் மூன்றும் தனித்தனியே இருக்கவேண்டும். தனியார் காப்புறுதி உள்ளவர்களிடம் வாங்கும் கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை. ஒரே மாத்திரைக்கு சோர்ஸ் வீதியில் ஒரு விலையும் சென்-ஜான் வீதியில் இன்னொரு விலையும் இருக்கலாம். அந்த ரசீதைப் பிரித்துப் பாராமல் பைக்குள் திணிக்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

இன்னொன்று. விலைகூடிய ஊசிமருந்து தொடங்கும்போது, தயாரிப்பு நிறுவனத்தின் 'நோயாளர் ஆதரவுத் திட்டம்' தொலைபேசியில் அழைக்கும். நல்ல உதவிதான். ஆனால் எந்தப் பார்மசியிலிருந்து மருந்து வரும் என்பதையும் அந்த அழைப்பிலேயே முடித்துவிடுவது உண்டு. உங்கள் பார்மசியின் பெயரை அப்போதே சொல்லிவிடுங்கள்.