இசைத்தட்டிலிருந்து எழுந்த இசை

ஒரு கலை இன்ன நாளில், இன்ன இடத்திற் பிறந்தது என்று திட்டமாகக் கூறுதல் எளிதன்று. நாட்டுப் பாடல்கள் எங்கு, யாரால் முதலிற் பாடப்பட்டன என்பதை அறிந்தவர் எவருமிலர். ஆயின், ஹிப்-ஹொப் என இன்று உலகெங்கும் வழங்கும் இசையின் தொடக்கத்தை வரலாற்றாசிரியர் ஒரு நாளோடும் ஒரு கட்டிடத்தோடும் இணைத்துக் கூறுவர். நாள், 1973ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 11ஆந் திகதி. இடம், நியூயோர்க் நகரின் புரொங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் சாலை 1520ஆம் இலக்க மாடிக் குடியிருப்பு. பாடசாலை தொடங்குமுன் புத்தாடை வாங்கப் பணம் சேர்க்க விரும்பிய சிண்டி கம்பெல் என்னும் மாணவி, அங்கு ஒரு நடன விருந்தை ஒழுங்கு செய்தாள். இசைத்தட்டுக்களை இயக்கியவர் அவளுடைய தமையன் கிளைவ் கம்பெல். ஜமெய்க்காத் தீவிற் பிறந்து, சிறுவனாக அமெரிக்காவுக்கு வந்த இவ்விளைஞரே பின்னர் கூல் ஹேர்க் என்னும் பெயரால் அறியப்பட்டவர்.

இவ்விசை எத்தகைய நிலத்தில் முளைத்தது என்பதை அறிந்தாலன்றி அதன் இயல்பை விளங்கிக்கொள்ள முடியாது. புரொங்ஸை ஊடறுத்து ஒரு பெருந்தெரு அமைக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்து பெயர்ந்தன. தொழிற்சாலைகள் வேறிடம் சென்றன. 1970களிற் கட்டிடங்கள் தெருத்தெருவாகத் தீக்கிரையாயின. 1975இல் நியூயோர்க் மாநகராட்சி நிதி நெருக்கடியிற் சிக்கியபோது, பாடசாலைச் சங்கீத ஆசிரியர் பலர் பணியிழந்தனர். வாத்தியம் வாங்கப் பணமில்லை, கற்பிக்க ஆசிரியருமில்லை. இத்தகைய நிலையில், வீட்டிலிருந்த இசைத்தட்டே அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு வாத்தியமாயிற்று.

இசைத்தட்டு எவ்வாறு வாத்தியமாகும்? ஹேர்க் ஒன்றைக் கூர்ந்து கவனித்தார். பாட்டு முழுவதற்கும் ஆடாத இளைஞர், குரலும் ஏனைய வாத்தியங்களும் அடங்கி, மத்தளங்கள் மட்டும் முழங்கும் அச்சிறு பகுதி வந்தவுடன் துள்ளியெழுந்தனர். அப்பகுதியோ சில விநாடிகளில் முடிந்துவிடும். எனவே, ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரு சுழல்மேடைகளில் வைத்து, ஒன்றில் அப்பகுதி முடிந்ததும் மற்றதில் அதனைத் தொடங்கி, சில விநாடிகளைப் பல நிமிடங்களாக நீட்டினார். பார்படோஸ் தீவிற் பிறந்த ஜோசப் சாட்லர் என்னும் கிராண்ட்மாஸ்ரர் ஃபிளாஷ், தொழிற்பாடசாலையில் மின்னியல் பயின்றவர். அவர் இசைத்தட்டின்மீது வண்ணக்கோலால் அடையாளமிட்டு, தாளம் ஒரு சிறிதும் பிசகாமல் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் முறையை வகுத்தார். தியோடர் என்னும் இன்னோர் இளைஞர், சுழலும் தட்டைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து, ஊசி உராயும் ஓசையையே இசையாக்கினார்.

ஆகவே, தொடக்க காலத்தில் அரங்கின் தலைவர் இசைத்தட்டை இயக்கியவரே. ஒலிவாங்கியைப் பிடித்தவர் அவருக்குத் துணைவர். வந்தோரை வரவேற்பதும், ஆடுவோரை உற்சாகப்படுத்துவதும் அவர் பணி. நாளடைவில் அவ்வுற்சாக மொழிகள் இயைபுத் தொடைகளாக நீண்டன. தாளத்தோடு இசைந்து விரைந்துரைக்கும் அம்முறையே ராப் எனப்படுவது. ஹிப்-ஹொப் என்பதோ இசைத்தட்டுக் கலை, ராப், நடனம், சுவரோவியம் ஆகிய நான்கையும் உள்ளடக்கிய பெரும் பெயர்.

முதற் பெருமாற்றம் 1979இல் நிகழ்ந்தது. நியூ ஜேர்சியில் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய சில்வியா ரொபின்சன் என்னும் பெண்மணி, மூன்று இளைஞரைச் சேர்த்து ‘ராப்பர்ஸ் டிலைட்’ என்னும் பாட்டைப் பதிவு செய்தார். ஏறக்குறைய 15 நிமிடம் நீண்ட அப்பாட்டு நாடெங்கும் பரவியது. ஆயின், இந்த வெற்றியோடு இரண்டு இழப்புக்களும் நேர்ந்தன. இரவு முழுவதும் நிகழ்ந்த ஒரு கூட்டுக் கலை, ஒரு தட்டின் ஒரு பக்கத்துள் அடங்கிற்று; பின்னணி இசையை வாத்தியக்காரர் வாசித்தமையால் இசைத்தட்டுக் கலைஞருக்கு அங்கு இடமில்லாது போயிற்று. அப்பாட்டில் ஒருவர் பாடிய பகுதியிற் பெரும்பங்கு, புரொங்ஸ் கலைஞர் காஸ் என்பவர் இயற்றியது. அவர் பெயர் தட்டில் இடம்பெறவில்லை. பாட்டு யாருடையது, பயன் யாருக்கு என்னும் கேள்வி அன்றே தோன்றிவிட்டது.

1982இல் வெளிவந்த ‘த மெசேஜ்’ என்னும் பாட்டு இரண்டாவது மாற்றத்தைக் கொணர்ந்தது. அதுகாறும் கொண்டாட்டத்தையும் தற்புகழ்ச்சியையுமே பெரிதும் பாடிய ராப், அன்று தன் வீதியைத் திரும்பிப் பார்த்தது. இடிந்த வீடு, வேலையின்மை, சிறை ஆகியன பாடுபொருளாயின. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பேணத்தக்க ஒலிப்பதிவுகளின் முதற் பட்டியலைத் தொகுத்தபோது, இப்பாட்டும் அதில் இடம்பெற்றது. செய்யுளமைப்பும் வளர்ந்தது. அடியின் இறுதியில் மட்டும் ஒலித்த இயைபை, 1987இல் ராகிம் என்னும் கலைஞர் அடியின் நடுவிலும் பின்னிப் படரவிட்டார். யாப்புப் பயின்றோர் இவ்வளர்ச்சியின் அருமையை எளிதில் உணர்வர்.

இதே காலத்தில், ஒலித்துண்டுகளைப் பதிந்து வேண்டியவாறு மீட்டொலிக்கும் கருவிகள் சந்தைக்கு வந்தன. இரு கைகளால் ஹேர்க் செய்ததை இக்கருவிகள் பன்மடங்கு நுட்பமாகச் செய்தன. ‘பப்ளிக் எனிமி’ போன்ற குழுவினர் பல பழம் பாட்டுக்களின் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் புதிய ஒலிக்கோலங்களைப் படைத்தனர். 1991 டிசம்பரில் இதற்குத் தடை வந்தது. உரிமை பெறாது பிறர் பாட்டின் துண்டைப் பயன்படுத்திய ஒருவருக்கு எதிரான வழக்கில், நியூயோர்க் நீதிபதி, களவைக் கண்டிக்கும் வேதக் கட்டளையை எடுத்துக்காட்டித் தம் தீர்ப்பைத் தொடங்கினார். அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் உரிமை பெற்றுப் பணம் செலுத்தவேண்டியதாயிற்று. பலர் துண்டுகளைக் குறைத்தனர். வேறு சிலர் வாத்தியக்காரரைக் கொண்டு மீள வாசிப்பித்தனர். ஒரு நீதிமன்றத் தீர்ப்பு ஓர் இசையின் ஒலியையே மாற்றிய அரிய நிகழ்ச்சி இது.

அத்தீர்ப்பு நியாயமானதா? பிறர் உழைப்பைக் கேளாது எடுத்தல் தவறு என்பதில் ஐயமில்லை. எனினும், கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் வரலாற்றையும் இங்கு நோக்குதல் வேண்டும். ஜேம்ஸ் பிரவுண் குழுவில் மத்தளம் வாசித்தவர் அவர். 1970இல் வெளியான ‘ஃபங்கி டிரம்மர்’ என்னும் பாட்டில் அவர் வாசித்த சில விநாடித் தாளம், பின்னர் நூற்றுக்கணக்கான ஹிப்-ஹொப் பாட்டுக்களுக்கு அடித்தளமாயிற்று. ஆயின் சட்டம் பாட்டை இயற்றியவனையும் பதிவின் உரிமையாளனையுமே அறியும்; வாசித்த கையை அறியாது. பாட்டின் ஆசிரியராக அவர் பெயர் பதியப்படாமையால், அவ்வளவு பாட்டுக்களிலிருந்தும் அவருக்கு முறையான பங்கு கிடைக்கவில்லை. 2017இல் அவர் காலமானார். துண்டெடுப்பதை வறிய இளைஞருக்கு அரிதாக்கிய சட்டம், தாளத்தைத் தந்த வறியவனுக்கும் உதவவில்லை.

1980களின் இறுதியில் ஹிப்-ஹொப் நியூயோர்க்கைக் கடந்து அமெரிக்காவின் மேற்குக் கரையில் வேரூன்றியது. 1988இல் லொஸ் ஏஞ்சல்ஸை அடுத்த கொம்ப்டன் நகர இளைஞர், பொலிஸ் கொடுமையையும் குழுச் சண்டைகளையும் கடுமொழியிற் பாடினர். இவ்வழி வந்த பாட்டுக்களில் வன்முறையைப் போற்றுவனவும் பெண்களை இழிவுபடுத்துவனவும் பல. அவற்றை உள்ளது உரைத்தல் என்று மட்டும் கூறி நியாயப்படுத்திவிட முடியாது. விற்பனையை விரும்பிய நிறுவனங்களுக்கும் அதிற் பங்குண்டு. டூபக் ஷகூர் 1996இலும், நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. 1997இலும் சுட்டுக் கொல்லப்பட்டனர். இருவரும் முப்பது வயதை எட்டாதவர். மறுபுறம், பாட்டுவரிகளையே குற்றத்துக்குச் சான்றாக நீதிமன்றத்திற் காட்டும் வழக்கமும் வளர்ந்தது. கவிஞன் பாடிய யாவும் அவன் செய்தவையென்று கொள்ளுதல் எந்த இலக்கிய நீதிக்கும் ஒவ்வாது. 2022இல் கலிபோர்னியா மாநிலம் இவ்வழக்கத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது.

பின்னர் தெற்கு நகரமாகிய அற்லாண்டா இவ்விசையின் தலைநகர்போல் உயர்ந்தது. ஒலியும் மாறிற்று. 1980இல் ரோலண்ட் என்னும் ஜப்பானிய நிறுவனம் வெளியிட்ட 808 என்னும் தாளக்கருவி, மெய்யான மத்தளம்போல் ஒலிக்கவில்லையென்று பலரால் ஒதுக்கப்பட்டது. பழம்பொருளாக மலிவு விலைக்கு விற்கப்பட்ட அக்கருவியின் ஆழ்ந்த அதிர்வே தெற்கத்திய ஹிப்-ஹொப்பின் நாடித்துடிப்பாயிற்று. குரலின் சுருதியைத் திருத்தும் கணினி முறை பரவியபின், உரைத்தலுக்கும் பாடுதலுக்கும் இடையிலிருந்த எல்லையும் மங்கியது. வீட்டறையில் ஒரு கணினி இருந்தாற் போதும், இன்று பாட்டு உருவாகிவிடும்.

பரவிய வழியில் தமிழரும் இதிற் கலந்தனர். லண்டனிற் பிறந்து, யாழ்ப்பாணத்தில் இளமையைக் கழித்து, போரினாற் பெயர்ந்து சென்ற மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரிற் பாடிய ‘பேப்பர் பிளேன்ஸ்’ என்னும் 2007ஆம் ஆண்டுப் பாட்டு, கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அமெரிக்காவின் முன்னணிக் கலைஞர் அவருடைய குரலையே துண்டாக எடுத்துத் தம் பாட்டில் இணைத்தனர். மலேசியாவில் யோகி பி குழுவினர் 2006இல் ‘வல்லவன்’ என்னும் தமிழ் ராப் தொகுதியை வெளியிட்டனர்.

2017இல் அமெரிக்க மக்கள் மிகுதியாகக் கேட்கும் இசைவகையாக ஹிப்-ஹொப்பும் அதனோடு சேர்த்தெண்ணப்படும் ஆர் அண்ட் பி இசையும் ரொக் இசையை முந்தின. 2018இல் கென்ரிக் லமார் இசைக்கான புலிற்சர் பரிசைப் பெற்றார். செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் அப்பால் அப்பரிசு சென்றது அதுவே முதன்முறை. 2023இல், தாம் இசைத்தட்டு இயக்கி ஐம்பது ஆண்டுகள் நிறைந்தபோது, கூல் ஹேர்க் ரொக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்திற் சேர்க்கப்பட்டார். பெரும்பணம் ஈட்டிய ஒரு கலையைத் தொடங்கியவர் அப்பணத்தில் அதிகம் கண்டவரல்லர்.

ஐம்பது ஆண்டுகளில் கருவி மாறியது, ஊர் மாறியது, அரங்கின் தலைமையும் மாறியது. கையிலிருப்பதைக் கொண்டு புதியது படைக்கும் வேட்கை மட்டும் மாறவில்லை. அப்படைப்புக்கு ஒலி தந்தவர்க்கு உரிய பங்கு சேரவேண்டும் என்னும் கடனும் இன்னும் தீர்ந்தபாடில்லை.