மலையூர்களில் நாம் நடந்த நாட்கள்

மலைநாடு காணச் செல்வோர் பலர். வண்டியில் ஏறி, வளைவுகளை எண்ணி, உச்சியிலே ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு அன்று மாலையே இறங்கிவிடுவோரே அவருள் மிகுதி. அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் தோளிலே ஒரு பை, கையிலே ஒரு குடை, பையினுள்ளே இரண்டு மாற்றுடை, அட்டைக் கடிக்கு ஒரு பொட்டலம் உப்பு, இவற்றோடு ஊர் ஊராக நடந்து செல்பவனுக்கு மலை காட்டும் முகம் வேறு. அவ்வாறு நாம் கண்ட மலையூர்களுள் இரண்டு நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஒன்று நம் தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் மேலே உள்ள மாஞ்சோலை. மற்றொன்று கடல் கடந்து மலேசியாவிலுள்ள கேமரன் மலை. முன்னதைப் பற்றியே இங்கு மிகுதியாக எழுத விழைகிறோம். அதன் காரணம் போகப் போக விளங்கும்.

அம்பாசமுத்திரத்துக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் மேற்கே, 1958ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மணிமுத்தாறு அணையைக் கடந்தால் வனத்துறையின் சோதனைச் சாவடி. அதற்கு அப்பால் அருவி. அருவிக்கு மேலே பாதை ஒரு புறம் பாறையும் மறுபுறம் பள்ளமுமாக வளைந்து வளைந்து ஏறுகிறது. 2011ஆம் ஆண்டு நாம் சென்றபோது அரசுப் பேருந்து ஒன்று உறுமிக்கொண்டே அவ்வழியில் ஏறிற்று. அரிசி மூட்டை, மண்ணெண்ணெய்க் கேன், கோழிக் கூடை, பள்ளி விடுமுறைக்கு வீடு திரும்பும் பிள்ளைகள், இத்தனைக்கும் நடுவே நமக்கும் ஓர் இடம் கிடைத்தது. ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் மாஞ்சோலையில் இறங்கினோம். அங்கிருந்து காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று, உரிய அனுமதியோடும் தோட்டத்து அன்பர் இருவர் துணையோடும் நம் நடை தொடங்கிற்று.

மழையைப் பற்றிச் சொல்லாமல் இவ்வூர்களைப் பற்றிச் சொல்ல இயலாது. தமிழ்நாட்டில் மிகுதியாக மழை பெறும் இடங்களைப் பட்டியலிட்டால் நாலுமுக்கும் ஊத்தும் முன்வரிசையில் நிற்கும். கீழே ஊரில் நாம் வானத்தைப் பார்த்து மழைக்கு மன்றாடிக்கொண்டிருக்கும் நாட்களிலும், மேலே சட்டை காய இடமின்றித் தவித்துக்கொண்டிருப்பர். காக்காச்சியைத் தாண்டிச் சிறிது தொலைவிலேயே மழை நம்மைப் பிடித்துக்கொண்டது. குடை காற்றில் மடங்கிற்று. நனைந்து நடுங்கியவாறு ஒரு லயத்து வீட்டின் திண்ணையில் ஒதுங்கினோம்.

"ஏன் சாமி, இந்த மழைக்குள்ளயா நடந்து வந்திய?" என்று கேட்டுக்கொண்டே ஓர் ஆச்சி கதவைத் திறந்தார். அடுப்பருகே நம்மை அமர்த்தி, பால் இல்லாத கட்டன் சாயாவைப் பித்தளைத் தம்ளரிலே தந்தார். நம் ஈரச் சட்டையை அடுப்புக்கு மேலே கட்டியிருந்த கொடியில் போட்டார். வீடு என்பது ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும், அவ்வளவே. அதிலே மூன்று தலைமுறை வாழ்ந்திருக்கிறது. ஆச்சியின் மாமியார் காட்டை அழித்துக் கன்று நட்ட கூட்டத்திலே ஒருவராம். "நாங்க பொறந்தது இங்க, கட்டிக் கொடுத்தது இங்க. ஆனா இந்த வீட்ல ஒரு ஆணி எங்களுதில்ல சாமி" என்றார். அதனைக் குறையாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னார். நாம் பல ஊர்களில் பல விருந்து உண்டதுண்டு. அந்தக் கட்டன் சாயாவுக்கு ஈடாக ஒன்றையும் சொல்ல நமக்குத் தோன்றவில்லை.

மறுநாள் வானம் வெளுத்தது. இடுப்பிலே பிளாஸ்டிக் விரிப்பைச் சுற்றிக்கொண்டு பெண்கள் நிரை நிரையாகத் தேயிலைச் செடிகளுக்கிடையே நின்றனர். இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் என்பது ஏட்டிலே எளிது. சரிவிலே கால் ஊன்றி நின்று, அட்டை ஏறும் காலோடு, எடைக்குத் தக்கபடி பறிப்பது எளிதன்று. பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப் படப் பரப்பி நிறம் மாறவிட்டு, பின்பு சூட்டிலே உலர்த்துகின்றனர். ஆலைக்கு வெளியே நின்றாலே அந்த மணம் தெருவெல்லாம் வீசும். மாலையில் குதிரைவெட்டியை அடைந்தோம். மேகம் சற்று விலகியபோது கீழே அணைநீர் வெள்ளித் தகடுபோல மின்னிற்று. திருநெல்வேலிச் சீமையின் வயல்களுக்குப் போகும் தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று அங்கு நின்றால் ஒரு பார்வையிலேயே புரியும்.

இவ்வூர்கள் பிறந்த கதையையும் கூறவேண்டும். சிங்கம்பட்டி ஜமீனுக்கு உரியதாயிருந்த இக்காட்டில் 8,373 ஏக்கரை 1929ஆம் ஆண்டில் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி. 1863இல் நிறுவப்பட்டு, பர்மாவின் தேக்குக் காடுகளில் பொருளீட்டிய கம்பெனி அது. மண்டலே அரசவையோடு அக்கம்பெனிக்கு மூண்ட வழக்கே 1885ஆம் ஆண்டின் ஆங்கிலேய பர்மியப் போருக்கு ஒரு காரணமாயிற்று என்பர் வரலாற்றாசிரியர். ஒரு மரவணிகம் ஒரு முடியைக் கவிழ்த்தது! ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தபின் நிலம் அரசுக்கு உரியதாயிற்று. குத்தகை மட்டும் தொடர்ந்தது. நெல்லைச் சீமையின் ஏழைகளும் கேரளத்தாரும் மேலேறி, காட்டைத் தோட்டமாக்கினர். வேலை உள்ளவரை வீடு. ஓய்வு பெற்றால் இறங்க வேண்டும். ஆச்சி சொன்ன ஆணியின் பொருள் இதுவே.

கூலியைப் பற்றிய ஒரு நினைவு, இப்பள்ளத்தாக்கில் வாழும் எவருக்கும் ஆறாத புண். 1999 ஜூலை 23ஆம் நாள், கூலி உயர்வும் கைதானோரின் விடுதலையும் வேண்டி மாஞ்சோலைத் தொழிலாளரும் அவர்களை ஆதரித்தோரும் திருநெல்வேலியில் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாகச் சென்றனர். காவல்துறையின் தடியடியில் சிதறி ஆற்றில் இறங்கியோருள், கைக்குழந்தை ஒன்று உட்பட, 17 பேர் மாண்டனர். மலையிலே அவர்கள் கண்முன் ஊற்றெடுக்கும் அதே நீரோட்டத்திலே!

இனிக் கேமரன் மலை. 2015ஆம் ஆண்டு, மலேசியாவில் உறவினர் இல்லம் சென்றிருந்தபோது, அதே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தாப்பாவிலிருந்து பேருந்து ஏறினோம். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று மூன்று சிற்றூர்கள். வெள்ளைக்கார அளவையாளர் வில்லியம் கேமரன் 1885இல் கண்டு சொன்னதால் அப்பெயர். அங்குள்ள போ தேயிலைத் தோட்டத்தை ரஸ்ஸல் என்பார் தொடங்கியது 1929ஆம் ஆண்டில். நம் மாஞ்சோலைக் குத்தகையும் அதே ஆண்டு என்பது நினைவுக்கு வந்ததும் நமக்கு உடல் சிலிர்த்தது. கங்காணிகள் வழியாகக் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழரின் பேரப்பிள்ளைகளை அங்கே காணலாம். தானா ராத்தாவின் தமிழ்க் கடையொன்றில் தோசை கிடைத்தது. கடைக்காரரின் பேச்சிலே மலாய்ச் சொல் பாதியும் தமிழ் பாதியும். தம் தாத்தா அம்பாசமுத்திரம் பக்கம் என்றார். ஊர்ப் பெயர் மட்டும் தெரியவில்லை. "ஆத்துப் பக்கம்னு சொல்வாருங்க ஐயா, அதான் தெரியும்" என்றார். அந்த ஆறு எதுவென்று நாம் சொன்னோம். தாமிரபரணி என்ற பெயரை ஒரு காகிதத் துண்டில் எழுதித் தரச் சொல்லி, அதனைக் கல்லாவுக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த மலையில் மக்கள் நிலைத்திருக்கின்றனர். காடு அவ்வாறு நிலைக்கவில்லை. காய்கறிக்காகச் சரிவெல்லாம் வெட்டி, பிளாஸ்டிக் கூரை வேய்ந்து, ஓடைகளை மண்ணால் நிரப்பியிருப்பதைக் கண்டோம். 2013 அக்டோபரில் அணைநீர் திறக்கப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. காடு வேண்டும் என்று கூறுவோரை நாம் ஏளனம் செய்யாதிருப்பதற்கு இதுவே காரணம்.

நம் மலையிலோ நிலைமை தலைகீழ். 1962இல் முண்டந்துறையும் 1976இல் களக்காடும் சரணாலயங்களாகி, 1988இல் இரண்டும் இணைந்து புலிகள் காப்பகமாயின. அதன் நடுவே தேயிலைத் தோட்டம். சிங்கவால் குரங்குக்கு மரம் விட்டு மரம் தாவ வழி வேண்டும், ஆற்றுக்குச் சோலைக்காடு வேண்டும், இவை பொய்யல்ல. குத்தகை 2028இல் முடிய இருக்க, கம்பெனி முன்கூட்டியே விலகத் தீர்மானித்து விருப்ப ஓய்வை அறிவித்தது. 2024 ஜூனோடு கொழுந்து பறிப்பது நின்றது. அரசே தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்று தொழிலாளர் வழக்காடினர். அவ்வாண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் அரசின் மறுவாழ்வு ஏற்பாட்டோடு நிலம் காடாவதற்கு வழிவிட்டது. பல குடும்பங்கள் இறங்கின. சில அங்கேயே தங்கி மீண்டும் முறையிட்டன. காடு திரும்பட்டும் என்பதே நம் கருத்தும். ஆனால் தொண்ணூற்றைந்து ஆண்டு அந்த மலையைச் சுமந்த கைகளுக்கு, ஓர் ஓய்வூதியக் கணக்கும் ஒரு தொகுப்பு வீடும் கொடுத்தால் கடன் தீர்ந்தது என்று எண்ணுவதை நாம் ஏற்க மாட்டோம். ஒரு குடும்பம் இறங்குவதும் ஓர் ஊர் முழுவதும் கலைவதும் ஒன்றல்ல. பள்ளித் தோழர், திருமண உறவு, இறப்பு வீட்டுக்கு ஓடிவரும் அக்கம்பக்கம், யாவும் திசைக்கொன்றாகிவிடும்.

சென்ற ஆண்டு, மலையிலிருந்து இறங்கிய அந்த ஆச்சியைச் சமவெளி ஊரொன்றில், மகன் எடுத்திருந்த வாடகை வீட்டில் கண்டோம். பங்குனி வெயில். வாழ்நாளில் முதன்முதலாக வாங்கிய மின்விசிறி தலைக்கு மேலே சுழன்றுகொண்டிருந்தது; அதன் இரைச்சலில் தூக்கம் வருவதில்லை என்றார். பித்தளைத் தம்ளர் மட்டும் கூடவே வந்திருந்தது. சாயாவை ஆற்றிக் கொடுத்தவாறே, "மேல போனியளா சாமி? ஊத்துல மழை பெய்யுதா?" என்று கேட்டார். போகவில்லை என்றோம். பெய்திருக்கும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, நம் தம்ளரை மீண்டும் நிரப்பினார்.